சுகிந்தாவிலிருந்து ஆம்பூருக்கு: குரோமியம் வந்த வழி

ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவில் விற்கும் ஒரு ஜோடித் தோல் ஷூவில் சில கிராம் குரோமியம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படாது. ஸ்டீல் பாத்திரம் துருப்பிடிக்காமல் காப்பதும் இதே குரோமியம்தான். ஆனால் ஷூவில் அது உலோகமாக இல்லை. தோலின் இழைகளுக்கு நடுவே அணு அணுவாகப் பிணைந்து கிடக்கிறது. நனைந்தாலும் தோல் அழுகாததற்கும், வெயிலில் கிடந்தாலும் விறைக்காததற்கும் அந்தப் பிணைப்புதான் காரணம். அந்தச் சில கிராம் எங்கே கிளம்பியது, எங்கெல்லாம் தங்கியது, தங்கிய இடத்தில் எதை விட்டுவிட்டு வந்தது என்று தேடிப் போனால் வேலூர் வட்டாரத்தின் நூறாண்டு வரலாறும் கூடவே வருகிறது.

கிளம்பிய இடம் ஒடிசா. ஜாஜ்பூர் மாவட்டத்தில் சுகிந்தா என்றொரு பள்ளத்தாக்கு. இந்தியாவில் கிடைக்கும் குரோமைட் தாது ஏறக்குறைய முழுவதும் ஒடிசாவினுடையது. அதில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கறுத்த, கனமான கல். இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகியது. வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி எஃகுத் தொழிலுக்குப் போய்விடும். இரசாயன ஆலைகளுக்குப் போகும் சிறுபங்கிலிருந்துதான் தோலுக்கு வேண்டிய குரோமியம் வருகிறது.

இனி வருவது புரிய வேண்டுமானால் கொஞ்சம் வேதியியல் சொல்லியாக வேண்டும். குரோமியம் அணு மற்ற அணுக்களோடு சேரும்போது சில சமயம் 3 எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும், சில சமயம் 6. மூன்றை இழந்தது பெரும்பாலும் பச்சையாக இருக்கும். சாதாரணத் தண்ணீரில் கரைந்து நிற்காமல் சேற்றோடு படிந்துவிடும். ஆறை இழந்தது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு எவ்வளவு தூரமும் போகும். உடம்புக்குள் நுழைவதும் அதற்கு எளிது. குரோமேட்டின் வடிவம் சல்பேட்டின் வடிவத்தை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்காகத் திறக்கும் செல்லின் வாசல் இதற்கும் திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் கண்டதிலிருந்தெல்லாம் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி மூன்றாக மாறும். அந்தப் பிடுங்கலில் டிஎன்ஏ சிதைகிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறை வைத்திருக்கிறது. குரோமேட் ஆலைத் தொழிலாளர்களின் மூக்கு நடுச்சுவரில் ஓட்டை விழுவதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரே தனிமம். எலக்ட்ரான் கணக்கில் மூன்று வித்தியாசம். இந்தப் பயணத்தில் எங்கே அது மூன்றாக இருந்தது, எங்கே ஆறாக மாறியது என்று பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

நிறம்தான் இந்தத் தனிமத்தை முதலில் காட்டிக்கொடுத்தது. 1797இல் பாரிஸ் வேதியியலாளர் லூயி நிகோலா வோக்லான், ரஷ்யாவிலிருந்து வந்த சிவப்பு ஈயத் தாது ஒன்றை ஆராயும்போது, தொடும் கரைசலையெல்லாம் ஒவ்வொரு நிறமாக்கும் ஒரு புதுப் பொருளைக் கண்டார். நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். மரகதத்தின் பச்சைக்கும் மாணிக்கத்தின் சிவப்புக்கும் காரணம் துளியளவு குரோமியம். நவரத்தினத்தில் இரண்டுக்கு நிறம் கொடுத்தது இதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து, நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி எதைப் பார்த்தாலும் எனக்குத் தோல் பதனிடும் டேனரி நினைப்பு வந்துவிடும்.

சுகிந்தாவின் கல்லில் இருப்பது மூன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அமைதியாகக் கிடந்தது. அதை ஆலைக்குக் கொண்டுவந்து அரைத்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, சுழலும் சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் காற்றோட்டத்தில் வறுக்கிறார்கள். காற்றின் ஆக்சிஜன் மீதி மூன்று எலக்ட்ரான்களையும் பறித்துவிடுகிறது. கறுப்புக் கல் மஞ்சளாக, நீரில் கரையும் குரோமேட்டாக மாறுகிறது. கல்லைக் கரைக்க வேறு சுருக்கமான வழி தொழிலுக்குக் கிடைக்கவில்லை. ஆக, விஷமாக மாறுவது இந்தப் பொருளின் பயணத்தில் தற்செயலாக நேர்வதல்ல. செய்முறையிலேயே இருக்கும் ஒரு கட்டம்.

அந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்தெடுத்து, அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிற டைகுரோமேட். அதற்குச் சர்க்கரைப் பாகையோ, கந்தக டை ஆக்சைடு வாயுவையோ கொடுத்தால், பறித்த எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்தது போலாகி, ஆறு மறுபடி மூன்றாகிவிடுகிறது. கிடைப்பது பச்சைப் பொடி. பேசிக் குரோமியம் சல்பேட் என்பது அதன் முழுப்பெயர். டேனரியில் குரோம் பவுடர் என்றால் போதும். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸைக் கொண்டு இந்தக் காரியத்தைச் செய்கிறார்கள் என்பதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1976இலிருந்து 1995 வரை இந்த வேலையைச் செய்த ஆலை தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். சுற்றுவட்ட டேனரிகளுக்கு அது வீட்டு வாசலில் கிடைத்த வசதி. ஆனால் சுண்ணாம்பு சேர்த்து வறுக்கும் முறையில் கசடு ஏராளமாக மிஞ்சும். எவ்வளவு கழுவினாலும் அதன் உள்ளே ஆறு சிக்கியிருக்கும். மழை பெய்யப் பெய்ய, பல பத்தாண்டுகளுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆலை மூடியபோது அதன் வளாகத்தில் அப்படி மிஞ்சிய கசடு 2 லட்சம் டன்னுக்கும் மேல். மழைக்காலத்தில் அங்கே வழிந்தோடும் தண்ணீரின் மஞ்சளைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலில், செர்னோபிலோடு சேர்ந்து ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சுகிந்தா. தாது கிளம்பிய ஊர், பொடியான ஊர், இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில்.

குரோமியம் வருவதற்கு முன் இந்த வட்டாரம் தோலை எப்படிப் பதனிட்டது? ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும். குழியில் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறிய தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றையொட்டிய ஊர்களில் தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் நடத்திய தொழில். குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். ஆவாரம் புதர் மண்டிய மேட்டுநிலம் அருகிலேயே. மணலுக்கடியில் நன்னீர் ஓடும் ஆறு இன்னொரு பக்கம். தொழில் இங்கே வேரூன்றியதற்கு இவையெல்லாம் காரணம்.

நியூயார்க்கில் சாய வேலை அறிந்த வேதியியலாளர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் குரோம் பதனிடலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில் முடியும் வேலையாகச் சுருக்கினார். வாரக்கணக்கு நாள்கணக்காயிற்று. ஃபிலடெல்ஃபியாவில் மெல்லிய, பளபளக்கும் ஆட்டுத்தோல் ஷூவுக்குப் பெரிய தொழிலே கிளம்பியது. அவர்களுக்கு வேண்டியது சென்னை மாகாண ஆட்டுத்தோல்தான், ஆனால் பட்டை போட்டுப் பதனிட்டதல்ல, பச்சையாகவே வேண்டும். கிழக்கிந்தியத் தோலுக்கு அமெரிக்காவில் இருந்த சந்தை சரிந்தது. குரோமியம் இந்த மண்ணுக்கு வந்துசேரும் முன்பே, அமெரிக்காவில் இருந்துகொண்டே, இங்குள்ள குழிகளைக் காலி செய்யத் தொடங்கிவிட்டது.

அந்த அடிக்குப் பதில் தேடியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைக் கலைப் பள்ளியின் கண்காணிப்பாளர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இந்தியாவில் தொடங்கிவைத்தவரும் அவரே. 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அவர் குரோம் பதனிடலைச் சென்னையில் பரிசோதித்தார். அவர் மனதிலிருந்தது ஷூ மட்டுமல்ல, கமலைத் தோல். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கமலையில், ஓயாமல் தண்ணீரில் முங்கி எழும் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோல் தண்ணீருக்கு அசையாது என்பதால் உழவனுக்கு உதவும் என்று அவர் எண்ணினார். நீர் இறைக்கும் விவசாயிக்கு நல்லது செய்யக் கொண்டுவந்த அதே முறை, பின்னாளில் எத்தனையோ கிணறுகளைப் பாழாக்கிய தொழிலின் அடித்தளமாயிற்று என்று நினைக்கையில் மனம் கனக்கிறது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அந்தக் காலத்தில் அங்கே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.

வேலூர்ப் பகுதியில் குரோம் முழுதாகக் காலூன்றியது விடுதலைக்குப் பின்பு. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் டேனரிக்கும் நடுவே உண்மையான போக்குவரத்து ஏற்பட்டது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கடிவாளம் போட்டது. முழுமையாக முடித்த தோலாகவோ ஷூவாகவோ அனுப்பினால்தான் ஆதாயம் என்றானது. பட்டைக் குழிகள் இருந்த இடத்தில் மர டிரம்கள் சுழன்றன. வேலையும் வருமானமும் பெருகின. தண்ணீரில் சேரும் இரசாயனமும் பெருகியது.

டேனரிக்குள் குரோமியம் என்ன செய்கிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோல் முதலில் ஊறி, சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் முடி கழன்று, சதை சீவப்பட்டு, பிறகு உப்பும் கந்தக அமிலமும் கலந்த தண்ணீரில் கிடக்கிறது. அப்போது அது வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும். பிறகு டிரம்முக்குள் குரோம் பவுடரைக் கொட்டுகிறார்கள். வீட்டின் ஓர் அறையளவு பெரிய டிரம் கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றுகிறது. சில மணி நேரம் கழித்துச் சோடா உப்பை மெல்ல மெல்ல ஊற்றி அமிலத்தைக் குறைக்கிறார்கள். தோலுக்குள் ஊடுருவிய குரோமியம் அப்போதுதான் இழையைப் பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டால் மேலோட்டமாகவே பற்றிக்கொண்டு, நடுப்பகுதி பதனாகாமல் நின்றுவிடும்.

ஆனதா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. டிரம்மை நிறுத்தி ஒரு தோலை இழுத்து, தடித்த இடத்தில் ஒரு துண்டு வெட்டுகிறார் தொழிலாளி. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் வெளிர்நீலம் நடுவரை ஓடியிருப்பது தெரியும். துண்டைக் காகிதத்தில் வைத்துப் பேனாவால் அதன் உருவை வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போடுகிறார். எடுத்து மறுபடி கோட்டின் மேல் வைக்கிறார்.

"என்னப்பா, சுருங்குதா?" என்று மேஸ்திரி எட்டிப் பார்க்கிறார்.

"ஒரு ஓரம் லேசா உள்ள போவுது பாய். இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும்."

"ஓடட்டும். சோடா கொஞ்சம் நிதானமா விடு."

பதனிடாத தோல் சுமார் 60 டிகிரியிலேயே சுருண்டுவிடும். பட்டையில் பதனிட்டது 85ஐத் தாண்டுவது அரிது. குரோமில் பதனிட்டது கொதிக்கிற தண்ணீரையே தாங்குகிறது. பேனாக் கோட்டின் மேல் துண்டு அச்சாகப் பொருந்தினால் வேலை முடிந்தது. வெளியே வரும் ஈரமான நீலத் தோலுக்கு உலகமெங்கும் வெட் ப்ளூ என்றுதான் பெயர்.

இந்தத் தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடையின் ஒரு முக்கியப் பகுதி சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவம் என்னவென்று உலகம் திணறிக்கொண்டிருந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் ஆராய்ந்தார்கள். கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்தக் கயிற்றின் வெளிப்புறத்தில் அமிலப் பண்புள்ள கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குரோமியம் அவற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலுள்ள கயிற்றோடு பாலம் போடுகிறது. வெப்பம் கயிற்றைப் பிரிக்கப் பார்க்கும், பாலம் விடாது. ஆம்பூர் டிரம்மில் நாள்தோறும் நடக்கும் வேலையின் உள்ளமைப்பை, நூறு மைலுக்குச் சற்றுத் தள்ளி, கிண்டியில் ஒரு விஞ்ஞானி வரைந்து காட்டினார் என்பதை இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கொட்டிய குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. வழக்கமான முறையில் மூன்றில் ஒரு பங்கு போலத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தப் பச்சைத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் சேறாகக் கீழே இறங்கும். சேற்றை அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்குப் போடலாம். விலை கொடுத்து வாங்கிய சரக்கு வீணாகாது என்பதால் இந்த மீட்பு முறையைப் பல டேனரிகள் ஏற்றுக்கொண்டன. தண்ணீரே சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையையும் அடையாற்று நிறுவனம் கொண்டுவந்திருக்கிறது.

பாலாறு கெட்டதற்கு முழுப் பழியையும் குரோமியத்தின் மேல் போட நான் தயாரில்லை. டேனரிக் கழிவில் இருப்பது பெரும்பாலும் மூன்று, சேற்றோடு படிந்துவிடும். நிலத்தைக் கொன்றதில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. தோல் கெடாமலிருக்க அப்பிய உப்பு, அமிலத்தோடு சேர்த்த உப்பு, இரண்டும் கரைந்து போனால் எந்தச் சேற்றிலும் படியாது. எந்த மருந்துக்கும் மசியாது. நிறமும் கிடையாது. கிணற்றில் இறங்கி, தென்னையின் வேரில் ஏறி, நெல்லைக் கருக்கிய பிறகுதான் தெரியவரும். எதிர்சவ்வூடுபரவல் எந்திரம் வைத்து உப்பைப் பிரித்தால் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பிரித்த கலப்பு உப்பு வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் குவிகிறது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றில் நுரை பொங்கி வரும் வீடியோ வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. பார்த்தவர் கோபப்படுவதும், "குரோமியம் கலந்துவிட்டார்கள்" என்று எழுதுவதும் நியாயமான கோபத்தால்தான். ஆனால் நுரை குரோமியத்தால் வருவதல்ல. சோப்புத்தன்மையுள்ள இரசாயனங்களாலும் தோலிலிருந்து கரைந்த புரதத்தாலும் வருவது. செல்போன் கேமராவுக்கு நுரை அகப்படுகிறது. உப்பு அகப்படாது. ஆண்டு முழுவதும் சத்தமில்லாமல் கிணற்றில் ஏறிக்கொண்டிருப்பதை யாரும் பகிர முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊர் இளைஞர்கள் மாதத்துக்கொரு முறை அந்த எண்ணைக் குறித்துப் பகிர்ந்தால், நுரைப் படத்தைவிட அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

பாலாறு கெட்ட செய்தி நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1991இல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. சேதம் வருமுன் காக்க வேண்டும் என்ற நெறியும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவைச் சுமக்க வேண்டும் என்ற நெறியும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. இன்று நாட்டில் ஆற்றையோ காற்றையோ பற்றிய பல வழக்குகளில் வேலூர் வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். இழப்பீடு கணக்கிட அமைத்த ஆணையம் 2001இல் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் என்று நிர்ணயித்தது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை.

சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன; டேனரிகள் கூட்டாகப் பணம் போட்டு, அரசு மானியத்தோடு கட்டியவை. அவை இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் சுத்திகரிப்பில் பிரியும் குரோமியச் சேறு எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் பின்தங்கியே வந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

டேனரியிலிருந்து வெளியேறிய தோல் ஷூ கம்பெனிக்குப் போகிறது. விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பேருந்துகளை ஆம்பூர்ச் சாலையில் யாரும் பார்க்கலாம். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்று கைமாறிக் கைமாறி ஷூ உருவாகிறது. குரோமியம் அந்தக் கைகளின் வழியே ஊமையாகப் போகிறது, மூன்றாகவே.

அது எப்போதும் மூன்றாகவே இருந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. தோலை மென்மையாக்க ஊட்டிய எண்ணெய் தரமற்றதாக இருந்தால், கப்பல் கன்டெய்னரின் வெப்பத்திலும் கடை வெளிச்சத்திலும் அந்த எண்ணெய் காறிப்போகும்போது, தோலிலிருக்கும் குரோமியத்தில் மிகச் சிறு பகுதி மறுபடி ஆறாக மாறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல், தோலில் ஆறின் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் விற்கலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. சோதனைக் கூடத்தில் தோலைச் சிறு துண்டுகளாக்கி ஊறவைத்து, அந்த நீரில் ஒரு வினைப்பொருளைச் சேர்க்கிறார்கள். ஆறு இருந்தால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா எழும். அந்த நிறம் வந்தால் சரக்கு திரும்பிவிடும். ஆகவே ஆம்பூர்த் தொழில் எண்ணெயை மாற்றியது, செய்முறையைத் திருத்தியது, மாதிரிக்கு மாதிரி சோதிக்கக் கற்றது. வாங்குபவர் கேட்டதும் எல்லாம் நடந்தது.

ஐரோப்பியரின் காலுக்கு 3 மில்லிகிராம் என்பது கடைப்பிடிக்க முடிந்த கட்டுப்பாடு. ராணிப்பேட்டையில் டன் கணக்கில் கிடப்பதும் அதே ஆறுதான். அதை மூன்றாக மாற்ற வழி தெரியாமலா கிடக்கிறது? இரும்பு சல்பேட் மாற்றும். மொலாசஸ் மாற்றும். ஆலை ஓடிய காலமெல்லாம் டைகுரோமேட்டைப் பச்சைப் பொடியாக்கியது இதே வேதியியல்தான். விற்கும் சரக்குக்கு அந்தக் கடைசிப் படியை ஒழுங்காக ஏறினார்கள்; விற்க முடியாத கசடை அதற்கு முந்தைய படியில், மஞ்சளாகவே விட்டுவிட்டுப் போனார்கள். வேலை சுலபமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குவியல் சுண்ணாம்புக் காரம் நிறைந்தது. உள்ளே சிக்கியது மெதுவாகக் கசிவதால் ஒரு முறை கலந்தால் தீராது. அடியிலுள்ள மண்ணையும் நிலத்தடி நீரையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். பிறகு கசியாத களிமண் படுகையில் மூடி வைக்க வேண்டும். பல ஆண்டு வேலை, பெரும் செலவு. ஆனால் அறியாத வேலையல்ல.

2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று இழப்பீடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பு சொன்னார்கள். சுற்றுச்சூழல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு. அந்தத் தீர்ப்பு டேனரிகளைப் பற்றியது. மூடிய குரோமேட் ஆலையின் குவியலுக்கும் அதே வரிசைதான் பொருந்தும் என்பது என் வாசிப்பு: அரசு முதலில் பணத்தைப் போட்டு மஞ்சளைப் பச்சையாக்கும் வேலையைத் தொடங்கி முடிக்கட்டும், யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்ற வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும்.